பாதையில் ஏறியவர்கள் கரை சேரும் வரை

தைப்பொங்கலுக்கு இரண்டு நாட்களுக்கு முன்னர், இரவு 8.14 மணிக்கு, கல்லடியில் இருக்கும் எங்கள் சிறிய அலுவலகத்தில் நான் ஒரு கட்டளையை அடித்தேன். ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரலை நிறுத்திவிட்டுப் புதிய பதிப்பைத் தொடக்கும் சாதாரணக் கட்டளை அது. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு இரவில் ஓடும் தனியார் பஸ்களுக்கு இணையத்தில் இருக்கை பதிவுசெய்யும் தளமொன்றை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து நடத்திவருகிறோம். ஒரு பஸ்ஸின் கட்டணம் பிழையாகக் காட்டப்படுவதாக அதன் உரிமையாளர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். திருத்தம் ஒரே வரிதான். கட்டளையை அடித்ததும் இரண்டு செக்கன்களுக்குள் செய்நிரல் மறுபடி எழுந்துவிட்டது. பக்கத்தைத் திறந்து பார்த்தேன், சரியான கட்டணம் தெரிந்தது. வேலை முடிந்தது என்று எண்ணி வீட்டுக்குப் புறப்பட்டேன்.

கல்லடிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் கைபேசி ஒலித்தது. கொழும்பு வெள்ளவத்தையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த வயதான ஓர் அம்மா பேசினார். “மனே, காசு வெட்டுப்பட்ட மெசேஜ் வந்திருக்கு, ஆனா சீட் நம்பர் வரல்ல. பஸ்ஸுல எனக்குச் சீட் இல்லை எண்டு சொல்றாங்க. நான் இப்ப என்ன செய்யிற?” என்று கேட்டார். அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை; பயம் இருந்தது. “அம்மா, அந்த இடத்திலேயே நில்லுங்க, நான் கதைச்சுப்போட்டு எடுக்கிறன்” என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பி ஓடினேன். அன்றிரவு பின்னால் வந்த வேறொரு பஸ்ஸின் கடைசி வரிசையில் அவருக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்தோம். 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை அவர் அந்தக் கடைசி வரிசையில் இருந்துகொண்டு வந்தது இன்றும் என் மனதை உறுத்துகிறது.

பிறகுதான், சேர்வரில் நடப்பதை வரிவரியாகக் குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்தேன். 8.14.07 என்ற நேரத்துக்கு எதிரே ஒரு வரி இருந்தது. அந்த அம்மாவின் பணம் கிடைத்துவிட்டது என்று கொடுப்பனவுச் சேவை எங்கள் சேர்வருக்கு அனுப்பிய அறிவித்தல் அது. வரியின் இறுதியில், எல்லாம் சரி என்பதைக் குறிக்கும் 200 இருக்க வேண்டிய இடத்தில், பின்னால் இருக்கும் செய்நிரலிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்பதைக் குறிக்கும் 502 இருந்தது. அறிவித்தல் வந்ததும் எங்கள் செய்நிரல் அது மெய்யானதா என்று கொடுப்பனவுச் சேவையிடம் திருப்பிக் கேட்கும். மெய் என்ற பதில் வந்த பின்னர் இருக்கையை உறுதிசெய்து தரவுத்தளத்தில் எழுதும். அதன் பிறகு குறுஞ்செய்தி அனுப்பும். திருப்பிக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்த அந்த ஒரு செக்கனுக்குள் நான் அதைக் கொன்றுவிட்டேன். தற்காலிகமாகப் பிடித்து வைத்திருந்த இருக்கை பத்து நிமிடங்களில் தானாக விடுபட்டு, வேறொருவருக்கு விற்கப்பட்டது. செய்நிரலில் எந்தப் பிழையும் இருக்கவில்லை. நான் அதை நிறுத்திய விதம்தான் பிழை.

அன்று முதல் ஏறக்குறைய ஓராண்டு இந்த ஒரு விடயத்தைத்தான் விடாமல் படித்தேன்: நடுவில் இருக்கும் எந்தக் கோரிக்கையையும் முறிக்காமல் ஒரு சேர்வரை மீளத் தொடக்குவது எப்படி? கிழக்கில் சிறிய அணிகளாக இருந்து இத்தகைய தளங்களை நடத்தும் தம்பி தங்கைகள் இப்போது பலர் இருக்கிறார்கள் என்பதால் நான் அறிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன்.

நிறுத்தும் கட்டளை வந்ததும் இயங்குதளம் அந்தப் புரோசஸுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் செய்நிரலுக்கு, முடித்துக்கொள் என்று சொல்லும் டேர்ம் என்ற சிக்னலை அனுப்புகிறது. எங்கள் செய்நிரல் கோ என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது. அந்தச் சிக்னலைப் பிடித்துக்கொள்வதற்கென்று நாங்கள் எதையும் எழுதியிருக்கவில்லை. ஆகவே அது வந்த கணத்திலேயே செய்நிரல் முடிந்துபோகும். ஒரு புரோசஸ் முடியும்போது அது திறந்து வைத்திருந்த எல்லாவற்றையும் இயங்குதளத்தின் கருவான கேர்னல் மூடிவிடும். அப்போது மூன்று வகையானவர்கள் பாதிக்கப்படுகிறார்கள். உள்ளே வந்து, பாதி வேலை நடந்துகொண்டிருப்பவர்கள் முதலாவது வகை. இணைப்பு ஏற்பட்டு, ஆனால் செய்நிரல் இன்னும் உள்ளே அழைக்காததால் கேர்னலின் வரிசையில் நிற்பவர்கள் இரண்டாவது வகை. அந்த இரண்டு செக்கன் இடைவெளியில் புதிதாக வந்து, கதவே இல்லாத சுவரில் முட்டிக்கொள்பவர்கள் மூன்றாவது வகை. என்னைப் போன்றவர்கள் பெரும்பாலும் மூன்றாவது வகையை மட்டுமே நினைத்து, இரண்டு செக்கன்தானே என்று ஆறுதல் கொள்கிறோம். மூன்றாவது வகையினர் பக்கத்தை மறுபடி திறந்தால் சரியாகிவிடும். ஆனால் முதலாவது வகையினரின் பணம் நடுவழியில் நிற்கிறது.

என்னுடைய அம்மம்மாவின் ஊர் மண்டூர். சிறு வயதில் குருமண்வெளித் துறைக்குப் போய், அங்கிருந்து வாவியைக் கடந்துதான் அவரிடம் போவோம். மனிதர்களையும் மோட்டார் சைக்கிள்களையும் நெல் மூட்டைகளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு கடக்கும் அந்தத் தட்டையான மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். பாதையை நிறுத்த வேண்டி வந்தால் பாதைக்காரர் முதலில் செய்வது, துறையில் இருக்கும் சங்கிலியை இழுத்துக் கட்டுவதுதான். தட்டில் ஏறிவிட்டவர்களை அவர் நடுவாவியில் விட்டுவிட மாட்டார். அவர்களை அக்கரையில் இறக்கிய பிறகே இயந்திரத்தை அணைப்பார். கணினிக்கு இணைப்புகள் வந்துசேரும் இலக்கமிட்ட வாசலான போர்ட் என்பதற்குக் கணினித் தமிழில் துறை என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துவிட்டது, ஏனென்றால் இந்த விடயத்தின் உட்கரு அதிலேயே இருக்கிறது. துறை வேறு, பாதை வேறு. எங்கள் பிழை, துறையைப் பாதையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. பாதை போனபோது துறையும் போய்விட்டது.

உண்மையில் லினக்ஸ் கேர்னல் இவ்விரண்டையும் நெடுங்காலமாகவே பிரித்து வைத்திருக்கிறது. ஒரு செய்நிரல் 443 ஆம் போர்ட்டில் காது கொடுத்துக் கேட்கிறது என்று நாம் சொன்னாலும், சொக்கெட் எனப்படும் அந்தக் கேட்கும் முனை கேர்னலுக்குள் இருக்கும் ஒரு பொருள். செய்நிரலின் கையில் இருப்பது அதைச் சுட்டும் ஓர் எண் மட்டுமே. ஒரே சொக்கெட்டை இரண்டு புரோசஸ்கள் சுட்டலாம். ஒன்று தன் கையை விட்டாலும், மற்றது பிடித்திருக்கும்வரை சொக்கெட் மூடப்படாது, அதன் வரிசையில் நிற்பவர்களுக்கும் ஒன்றும் ஆகாது. ஒரு புரோசஸ் பிள்ளைப் புரோசஸைப் பெறும்போதும், தன்னுடைய இடத்தில் வேறொரு செய்நிரலை ஏற்றும்போதும், மூடிவிடச் சொல்லிக் குறித்து வைத்தாலன்றித் திறந்த சொக்கெட்டுகள் அப்படியே கைமாறும். இடையூறின்றி மீளத் தொடக்கும் முறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பண்பின்மேல்தான் நிற்கின்றன.

இதை மிக அழகாகச் செய்யும் செய்நிரல் என்ஜின்எக்ஸ். ரஷ்யரான இகோர் சிசோயெவ் எழுதி 2004 ஆம் ஆண்டில் பொதுவெளியில் விட்ட இந்தச் சேர்வரில், ஒரு தலைமைப் புரோசஸும் அதன் கீழே பல பணியாளர் புரோசஸ்களும் இருக்கின்றன. தலைமை ஒரு கோரிக்கைக்கும் பதில் சொல்வதில்லை. துறையைப் பிடித்துக்கொண்டிருப்பதும் பணியாளர்களை மேற்பார்ப்பதும்தான் அதன் வேலை. ஹப் என்ற சிக்னலை அனுப்பினால் தலைமை முதலில் அமைப்புக் கோப்பை வாசித்துச் சரிபார்க்கும். பிழை இருந்தால் எதையும் மாற்றாமல் பழையபடியே தொடரும். சரியாக இருந்தால் புதிய பணியாளர்களைத் தொடக்கி, பழையவர்களிடம் இனிப் புதிதாக யாரையும் ஏற்க வேண்டாம், கையில் உள்ளதை முடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லும். அந்தச் சிக்னலின் பெயர், தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியோடு தொடர்புகொண்ட காலத்தில் மறுமுனையில் இருப்பவர் தொலைபேசியை வைத்துவிட்டார் என்பதைத் தெரிவிக்க ஏற்பட்டது. தொடர்பு துண்டிக்கப்பட்டதைச் சொல்லப் பிறந்த சிக்னல், இன்று ஒருவருடைய தொடர்பையும் துண்டிக்காமல் இருப்பதற்குப் பயன்படுகிறது. அப்பாச்சி என்ற மற்றொரு சேர்வரில் இதே வேலைக்குக் கிரேஸ்ஃபுல் என்ற கட்டளையே தனியாக இருக்கிறது.

ஹப் போதாத சந்தர்ப்பமும் உண்டு. மறைகுறியாக்க நூலகத்தில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தபோது, அதை நிறுவிவிட்டு ஹப் அனுப்பினால் போதும் என்று நினைத்திருந்தேன். புதிய பணியாளர்கள் பழைய தலைமையிலிருந்தே பிறக்கிறார்கள். தலைமையின் நினைவகத்தில் இருப்பதோ பழைய நூலகம். எத்தனை தடவை ஹப் அனுப்பினாலும் ஓட்டை அடைபடாது. அதற்கு யூசர் 2 என்ற சிக்னலை அனுப்ப வேண்டும். அப்போது தலைமை தன்னுடைய புரோசஸ் இலக்கம் எழுதிய கோப்பின் பெயருக்குப் பின்னால் “ஓல்ட்பின்” என்று சேர்த்துவிட்டு, இரண்டாவது தலைமை ஒன்றைத் தொடக்கி, திறந்திருக்கும் துறைகளின் எண்களை அதனிடம் ஒப்படைக்கும். சிறிது நேரம் இரண்டு தலைமைகளும் இரண்டு அணிப் பணியாளர்களும் ஒரே துறையில் நிற்பார்கள். பிறகு பழைய தலைமைக்கு வின்ச் சிக்னலை அனுப்பினால் அதன் பணியாளர்கள் மட்டும் வேலையை முடித்து விலகுவார்கள். பழைய தலைமை வெறுங்கையுடன் துறையைப் பிடித்தபடி நிற்கும். புதியதில் ஏதும் கோளாறு தெரிந்தால் பழையதற்கு ஹப் அனுப்பிப் பணியாளர்களை மீண்டும் அழைத்துக்கொள்ளலாம். எல்லாம் சரி என்றால் குவிட் அனுப்பி அதற்கு விடைகொடுக்கலாம். பின்வாங்கும் வழியை மூடாமலேயே முன்னே செல்லும் இந்த ஏற்பாட்டை முதன்முறை செய்து பார்த்த இரவில், இதை வடிவமைத்தவர்மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டாயிற்று.

ஆனால் எங்கள் சிக்கல், எங்கள் தளத்தின் முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கொடுக்கும் என்ஜின்எக்ஸில் இருக்கவில்லை. அதற்குப் பின்னால் நாங்கள் எழுதிய செய்நிரலில்தான் இருந்தது. நான் முதலில் ஒரு குறுக்குவழியைத் தேடினேன். லினக்ஸ் 3.9 பதிப்பிலிருந்து, அதாவது 2013 முதல், ஒரே போர்ட்டில் இரண்டு புரோசஸ்கள் தனித்தனியே சொக்கெட் திறப்பதற்கு ரியூஸ்போர்ட் என்ற தெரிவு இருக்கிறது. புதியதைத் தொடக்கிவிட்டுப் பழையதை மூடினால் இடைவெளியே இருக்காது என்று நம்பினேன். அதைச் சோதிக்க, இன்னொரு கணினியிலிருந்து இடைவிடாமல் கோரிக்கை அனுப்பும் சிறு நிரலொன்றை எழுதி, பதினைந்து செக்கன்களுக்கு ஒருமுறை செய்நிரலை மீளத் தொடக்கிக்கொண்டே இருந்தேன். ஆயிரக்கணக்கான பதில்களுக்கு நடுவே, அவ்வப்போது ஒன்றிரண்டு, “இணைப்பு மறுமுனையால் முறிக்கப்பட்டது” என்று வந்தன. எண்ணிக்கை மிகச் சிறியது, விட்டுவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். வெள்ளவத்தையில் நின்ற அம்மாவும் அப்படியான ஒன்றிரண்டில் ஒருவர்தான் என்பதால் என்னால் விட முடியவில்லை.

காரணம் இதுதான். அந்தத் தெரிவில் ஒவ்வொரு சொக்கெட்டுக்கும் தனித்தனி வரிசை இருக்கிறது. வருபவர் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதை, அவருடைய முகவரியையும் போர்ட்டையும் வைத்துக் கேர்னலே தீர்மானிக்கிறது. பழைய செய்நிரல் தன்னுடைய வரிசையில் நின்றவர்களை எல்லாம் உள்ளே அழைத்து முடித்து, சொக்கெட்டை மூடுவதற்கு முந்தைய மிகச் சிறிய இடைவெளியில், இன்னும் ஒருவரை அதே வரிசையில் கேர்னல் நிறுத்திவிடலாம். மூடியதும் அவர் முறிக்கப்படுகிறார். பக்கத்தில் புதிய துறை திறந்திருந்தும் அவரை அங்கே மாற்றிவிட யாரும் இல்லை. பெரிய நிறுவனங்களும் இதே இடத்தில் இடறியிருக்கின்றன. எச்.ஏ.புரொக்சி என்ற புகழ்பெற்ற சுமைப்பகிர்வுச் செய்நிரலிலும் இதே குறை இருந்தது. 2017 ஆம் ஆண்டு வந்த 1.8 பதிப்பில்தான், பழைய புரோசஸ் தன் கேட்கும் சொக்கெட்டுகளை, ஒரே கணினிக்குள் புரோசஸ்கள் பேசிக்கொள்ளப் பயன்படும் யுனிக்ஸ் சொக்கெட் வழியாகப் புதியதன் கையிலேயே கொடுக்கும் முறை வந்து அது தீர்ந்தது. லினக்ஸ் 5.14 பதிப்பில், மூடப்படும் சொக்கெட்டின் வரிசையில் நிற்பவர்களை மற்றொரு வரிசைக்கு மாற்றிவிடும் வசதியைக் கேர்னலே கொண்டுவந்தது. ஆனால் அதை நாமாகத் திறந்துவிட வேண்டும். புதிய துறை ஒன்றைப் பக்கத்தில் திறப்பதைவிடப் பழைய துறையையே கைமாற்றுவதுதான் சரியான வழி என்பதை நான் அந்த ஒன்றிரண்டு முறிவுகளிடம் இருந்து கற்றுக்கொண்டேன்.

அதன்படி, லினக்ஸில் மற்றச் செய்நிரல்களைத் தொடக்கி மேற்பார்க்கும் சிஸ்டம்டியிடம் துறையைக் கொடுத்தோம். சிஸ்டம்டி போர்ட்டைத் தானே திறந்து வைத்துக்கொண்டு, செய்நிரலைத் தொடக்கும்போது அந்தச் சொக்கெட்டை 3 ஆம் எண்ணாகக் கையில் கொடுக்கும். செய்நிரல் இறந்தாலும் துறை திறந்தே இருக்கும்; அந்த இடைவெளியில் வருபவர்கள் வரிசையில் நிற்பார்கள்; புதியது எழுந்ததும் அவர்களை உள்ளே அழைக்கும். அவர்களுக்கு ஒரு பக்கம் இரண்டு செக்கன் தாமதமாகத் திறந்தது போலத் தோன்றும், அவ்வளவுதான். வரிசை நீளமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்: லினக்ஸ் 5.4 பதிப்புக்கு முன்னர் அதன் இயல்பான உச்ச அளவு 128, அதன் பின்னர் 4096.

இத்துடன் மூன்றாவது வகையினரும் இரண்டாவது வகையினரும் காப்பாற்றப்பட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் மீதி. கோ மொழியின் 1.8 பதிப்பில், 2017 பெப்ரவரியில், சேர்வருக்கு ஷட்டவுன் என்ற செயற்பாடு சேர்க்கப்பட்டது. டேர்ம் சிக்னலைப் பிடித்து அதை அழைத்தால், கேட்பதை நிறுத்தி, சும்மா திறந்திருக்கும் இணைப்புகளை மூடி, வேலை நடக்கும் இணைப்புகள் ஓயும்வரை அது காத்திருக்கும். நான் அதை எழுதினேன், பரிசோதித்தேன், கோரிக்கைகள் அப்படியே முறிந்தன. ஒரு முழுநாள் திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் விளங்கியது. ஷட்டவுனை அழைத்த அதே கணத்தில், கோரிக்கைகளை ஏற்றுக்கொண்டிருந்த செயற்பாடு சேர்வர் மூடப்பட்டுவிட்டது என்று சொல்லித் திரும்பிவிடும். எங்கள் முதன்மைச் செயற்பாட்டில் அதற்குப் பின் வேறு வரிகள் இல்லாததால் செய்நிரலே முடிந்துபோகிறது. ஷட்டவுன் இன்னொரு மூலையில் காத்துக்கொண்டிருக்க, வீடே இடிந்துவிடுகிறது. ஷட்டவுன் திரும்பும்வரை முதன்மைச் செயற்பாட்டைக் காத்திருக்க வைக்கும் இரண்டு வரிகளைச் சேர்த்ததும் சரியாயிற்று. மொழியின் ஆவணத்திலேயே இது எச்சரிக்கையாக எழுதப்பட்டிருக்கிறது. நான் வாசிக்காமல் தாண்டியிருந்தேன். குறுஞ்செய்தி அனுப்புவதற்காகப் பின்னணியில் ஓடவிட்ட வேலைகளுக்காக ஷட்டவுன் காத்திருக்காது என்பதும் அதே ஆவணத்தைப் பொறுமையாக வாசித்தபோதுதான் புரிந்தது. அவற்றை நாங்களே எண்ணிக் காத்திருக்க வேண்டியிருந்தது.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற கேள்வி, எனக்குத் தொழில்நுட்பக் கேள்வியாகத் தெரியவில்லை. சிஸ்டம்டி இயல்பாக 90 செக்கன் பொறுக்கும். அதன் பிறகு கில் என்ற சிக்னலை அனுப்பும். அதை எந்தச் செய்நிரலாலும் பிடிக்க முடியாது. பல கணினிகளில் செய்நிரல்களை ஓடவிட்டு மேற்பார்க்கும் குபெர்நெட்டிஸில் அந்த இயல்பான பொறுமை 30 செக்கன். எங்கள் கோரிக்கைகளில் பெரும்பாலானவை ஒரு செக்கனுக்குள் முடிபவை. கொடுப்பனவு அறிவித்தல் சில வேளைகளில் பத்துச் செக்கன் எடுக்கும். பஸ் உரிமையாளர்கள் எடுக்கும் மாதாந்தக் கணக்கறிக்கை மட்டும் சில நிமிடங்கள் ஓடும். அந்த அறிக்கைக்காக எல்லோருடைய காத்திருப்பையும் நீட்டுவதா, அல்லது 30 செக்கனில் அதை வெட்டுவதா என்று நாங்கள் நால்வரும் நீண்ட நேரம் கதைத்தோம். இறுதியில் அறிக்கையைக் கோரிக்கைக்குள் செய்வதையே நிறுத்திவிட்டு, தனி வேலையாகப் பின்னால் ஓடவிட்டு, முடிந்ததும் தரவிறக்கும்படி மாற்றினோம். நீண்ட நேரம் திறந்திருக்கும் கோரிக்கையைக் காப்பாற்ற முயல்வதைவிட, அப்படியொரு கோரிக்கை இல்லாமற் செய்வதே பயன்தரும் என்பது என் அனுபவம்.

சிஸ்டம்டி ஏற்பாட்டில் ஒரு குறை மிஞ்சியது. பழையது ஓய்ந்த பிறகே புதியது தொடங்கும் என்பதால், ஒரே ஒரு கோரிக்கை இருபது செக்கன் எடுத்தால், புதிதாக வருபவர்கள் அத்தனை பேரும் அந்த இருபது செக்கனும் வரிசையில் நிற்க வேண்டும். சாதாரண நாளில் அது பெரிதல்ல. பொங்கல், தீபாவளி, நோன்புப் பெருநாள் நாட்களின் இரவில் இருபது செக்கன் என்பது மிக நீண்ட நேரம். கல்லடியில் 1924 ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலத்தை மூடாமல், அதன் அருகிலேயே புதிய பாலத்தைக் கட்டி, 2013 இல் திறந்த பிறகே வாகனங்களை அதற்கு மாற்றினார்கள். எங்கள் செய்நிரலுக்கும் அதைத்தான் செய்தோம். 8001, 8002 என்ற இரண்டு உள்போர்ட்டுகளை ஒதுக்கி, ஒன்றில் பழையது ஓடும்போதே மற்றதில் புதியதைத் தொடக்கி, அது தரவுத்தளத்தைத் தொட்டுப் பதில் சொல்கிறது என்று உறுதிசெய்த பின்னர், என்ஜின்எக்ஸின் அமைப்புக் கோப்பில் இலக்கத்தை மாற்றி ஹப் அனுப்பினோம். புதிய பணியாளர்கள் புதியதிடம் போவார்கள். பழைய பணியாளர்கள் தங்கள் கையில் உள்ள கோரிக்கைகளைப் பழையதிடமே முடித்துக்கொள்வார்கள். பழைய பணியாளர்கள் அனைவரும் மறையும்வரை பழைய செய்நிரலுக்கு டேர்ம் அனுப்பக்கூடாது. இந்த வரிசைமுறை மாறினால் இவ்வளவு பாடும் வீண்.

அந்தப் பணியாளர்கள் மறையாமல் நின்ற கதையும் உண்டு. ஹப் அனுப்பி ஒரு மணித்தியாலம் கழித்துப் புரோசஸ் பட்டியலைப் பார்த்தால், மூடிக்கொண்டிருக்கிறது என்ற குறிப்புடன் நான்கு பணியாளர்கள் அப்படியே இருந்தார்கள். மறுநாள் இன்னொரு திருத்தம் ஏற்றியபோது எட்டாயிற்று. எந்த இருக்கை எடுபட்டது என்பதை உடனுக்குடன் காட்டுவதற்காக நாங்கள் வைத்திருந்த, உலாவிக்கும் சேர்வருக்கும் இடையே திறந்தே இருக்கும் வெப்சொக்கெட் இணைப்புகள்தான் காரணம். யாரோ ஒருவர் உலாவியை மூடாமல் உறங்கிவிட்டால் அந்த இணைப்பு விடியும்வரை திறந்திருக்கும். அதற்காகப் பணியாளரும் விழித்திருப்பார். பழைய பணியாளர்களுக்கு இறுதிக் கெடு விதிக்கும் அமைப்பு ஒன்று என்ஜின்எக்ஸில் இருக்கிறது. அதை 60 செக்கனாக வைத்து, இணைப்பு அறுந்தால் உலாவி தானாகவே மறுபடி இணையும்படி எழுதினோம். எல்லோரும் ஒரே கணத்தில் வந்து மோதாதபடி, ஒன்று முதல் பத்துச் செக்கன் வரை எழுந்தமானமாக ஒரு தாமதத்தையும் சேர்த்தோம்.

உலாவியும் சேர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்.ரி.ரி.பி.யில் சாதாரணமாகத் திறந்தே வைக்கப்படும் இணைப்புகளிலும் சிறியதொரு மோதல் உண்டு: இணைப்பு சும்மா இருக்கிறது என்று சேர்வர் அதை மூடும் அதே கணத்தில், மறுமுனை அதில் ஒரு கோரிக்கையை அனுப்பியிருக்கும். எச்.ரி.ரி.பி.யின் இரண்டாவது பதிப்பில் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். கோஅவே என்ற சட்டகத்தை அனுப்பி, எந்த இலக்கம் வரையிலான கோரிக்கைகளைச் சேர்வர் கையில் எடுத்திருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறது. அதற்கு மேற்பட்டவை தொடப்படவில்லை என்று மறுமுனைக்கு உறுதியாகத் தெரிவதால், அவற்றைத் தயங்காமல் வேறு இணைப்பில் அனுப்பலாம். பழைய 1.1 பதிப்பில் அந்த உறுதி இல்லை.

பழையதும் புதியதும் அருகருகே ஓடத் தொடங்கியதும், நாங்கள் எதிர்பாராத இரண்டு இடங்கள் வெளித்தெரிந்தன. தற்காலிகமாகப் பிடித்த இருக்கைகளைச் செய்நிரலின் நினைவகத்திலேயே வைத்திருந்தோம். இரண்டு பிரதிகள் ஓடும் அந்த ஒரு நிமிடத்தில் ஒன்று பிடித்ததை மற்றது அறியாது. ஒரே இருக்கை இரண்டு பேருக்குப் போயிருக்கும். அதைத் தரவுத்தளத்துக்கு மாற்றி, ஒரு பயணத்தில் ஓர் இருக்கைக்கு ஒரு பதிவுக்கு மேல் எழுதவே முடியாதபடி கட்டுப்பாடு வைத்தோம். அதேபோல, அட்டவணையில் ஒரு புலத்தின் பெயரை மாற்ற வேண்டுமென்றால் ஒரே அடியில் மாற்ற முடியாது என்பதும் புரிந்தது. முதலில் புதிய புலத்தைச் சேர்த்து, இரண்டிலும் எழுதும் பதிப்பை ஏற்றி, பழைய பதிவுகளைப் பிரதிசெய்து, புதியதை மட்டும் வாசிக்கும் பதிப்பை அதன்பின் ஏற்றி, கடைசியாகத்தான் பழைய புலத்தை நீக்க வேண்டும். பல தடவை ஏற்றவேண்டிய வேலை. மீளத் தொடக்குவது யாரையும் பாதிக்காது என்று ஆனபிறகு, பல தடவை என்பது பெரிதாகத் தெரியவில்லை.

இவ்வளவையும் செய்த பின்னரும், முதல் நாள் தவறு முழுமையாகத் தீர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நினைவகம் தீர்ந்து கேர்னலே செய்நிரலைக் கொல்லலாம். தரவு மையத்தில் இயந்திரமே பழுதாகலாம். அப்போது சங்கிலி கட்டவும் நேரம் இருக்காது. கொடுப்பனவு அறிவித்தல் வந்ததும், வேறெதையும் செய்வதற்கு முன்னர், அதை அப்படியே தரவுத்தளத்தில் எழுதிவிட்டு, அதன் பிறகே கிடைத்தது என்று பதில் சொல்லுமாறு மாற்றினோம். சரிபார்ப்பதும் இருக்கையை உறுதிசெய்வதும் அந்தப் பதிவைப் பார்த்து நடக்கும். செய்நிரல் நடுவில் இறந்தாலும், எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கொடுப்பனவு இலக்கம் ஒன்றுக்கு ஒரு பதிவு மாத்திரமே இருக்க முடியும் என்பதால், அதே அறிவித்தல் மூன்று தடவை வந்தாலும் ஓர் இருக்கைதான் போகும். பணம் செலுத்தத் தொடங்கி, ஆனால் முடிவு தெரியாமல் நிற்கும் பதிவுகளை எல்லாம் இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை எடுத்து, கொடுப்பனவுச் சேவையிடம் நாங்களே கேட்கிறோம். முடிவு தெரியும்வரை அந்த இருக்கை விடுபடாது. வெள்ளவத்தை அம்மாவின் இருக்கையைக் காப்பாற்றியிருக்கக்கூடியது முதலில் இதுதான், அதற்குப் பிறகுதான் மற்றவை. நான் மீளத் தொடக்கும் வித்தையைத்தான் முதலில் பிடித்துக்கொண்டேன். மறுபடி தொடங்க நேர்ந்தால் இந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவேன்.

அடுத்த பொங்கலுக்கு இரண்டு நாட்களுக்கு முன்னர், வேண்டுமென்றே, இரவு எட்டு மணியளவில் ஒரு புதிய பதிப்பை ஏற்றினோம். இரண்டு திரைகள் திறந்திருந்தன: ஒன்றில் பதிவேடு ஓடிக்கொண்டிருந்தது, மற்றதில் புரோசஸ் பட்டியல். 8002 இல் புதியது எழுந்தது. இலக்கத்தை மாற்றி ஹப் அனுப்பினேன். பழைய பணியாளர்கள் நான்கு பேர் மீதும் மூடிக்கொண்டிருக்கிறது என்ற குறிப்பு விழுந்தது. பதிவேட்டில் 200, 200 என்று வரிகள் நிற்காமல் இறங்கின. இருபது செக்கனுக்குள் இருவர் மறைந்தார்கள். மூன்றாமவர் நாற்பதாவது செக்கனில் மறைந்தார். நான்காமவரின் கையில் ஒரு கொடுப்பனவு அறிவித்தல் இருந்தது. அதுவும் 200 என்று முடிந்தது. பட்டியலில் அந்த வரி இல்லாமற் போனதைப் பார்த்த பிறகு, 8001 இல் வெறுமையாக நின்ற பழைய செய்நிரலுக்கு டேர்ம் அனுப்பினேன்.